காது மடிக்காத வாஷர்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவன் சுருளியாண்டி. அவனுக்குப் பின்னால் நிறையப் பேர் செய்தார்கள். ஆனால் வரிசை என்று வந்தால் அவன்தான் முதல்.

மலையேறிப் போன அன்றைக்கு இதைத்தான் சாமியம்மாவிடம் சொன்னேன்.

அவர் மடத்து அடுப்படியில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். காவிச் சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். வருகிறவர்கள் எல்லாம் அவர் காலில் விழுந்தார்கள். எனக்கு விழ மனம் வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

அடிவாரத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு ஜீப் இருந்தது. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போவேன். ஜீப் ஸ்டாண்டை ஒட்டியே சுருளியாண்டியின் ஒர்க்‌ஷாப். நானும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருநாள் வண்டியின் முன் இடது வீலில் பேரிங் போய்விட்டது. அவன்தான் மாற்றிக் கொடுத்தான். மறுநாள் காலை கரடிப்பாறை வளைவில் அந்த வீல் கழன்று எனக்கு முன்னால் ஓடியது.

"முன்னால ஓடுச்சா?" என்று கேட்டார் சாமியம்மா.

"ஆமா தாயி. நான் வண்டிக்குள்ள இருக்கேன். என் வீலு எனக்கு முன்னாடி போகுது."

அவர் சிரித்துவிட்டார்.

வண்டி மண்மேட்டில் சாய்ந்தது, அதனால் யாரும் சாகவில்லை, வீரம்மாள் என்கிறவளுக்கு மட்டும் இடுப்பெலும்பு முறிந்தது, இன்றைக்கும் அவள் ஒருபக்கம் சாய்ந்துதான் நடக்கிறாள் என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. கத்தியைக் கீழே வைத்தார்.

வீலின் நடுவில் பேரிங்கை இறுக்கிப் பிடிக்கிற ஹப் நட்டுக்கு ஒரு வாஷர் உண்டு. அதற்குக் காது மாதிரி சின்னதாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். நட்டை முறுக்கிய பிறகு, உளியை வைத்துத் தட்டி அந்தக் காதை நட்டின் மேல் மடித்துவிட வேண்டும். மடித்தால் நட்டு தானாகக் கழலாது. என் வண்டியில் கிடந்த வாஷரின் காது மடிக்கப்படவே இல்லை. புதுசு மாதிரி நேராக இருந்தது.

அதை ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினேன். அடிபட்டதில் நிமிர்ந்திருக்கும் என்றான் சுருளியாண்டி. ஒச்சப்பன், அதாவது நான், வேகமாகப் போய்ப் பாறையில் ஏற்றிவிட்டேன் என்றும் சொன்னான். வாஷர் கைக்குக் கை மாறி எங்கேயோ போய்விட்டது. ஸ்டாண்டில் என்னைத் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு என் வண்டியில் ஏற ஆள் இல்லை.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"ஒரு வார்த்தை தாயி. 'என் கை தப்பு'ன்னு அவன் சொல்லணும். ஸ்டாண்டுல வச்சு, எல்லார் முன்னாடியும்."

அவர் பூசணி விதைகளை விரலால் ஒதுக்கினார்.

"இன்னும் வண்டி ஓட்டுவீங்களாண்ணே?"

"எவன் வண்டி குடுக்கிறான்?"

"மடத்துல ஒரு ஜீப் கெடக்கு. சாவி அந்த ஆணியில தொங்குது."

அவ்வளவுதான். நான் கேட்டது ஒன்று, அவர் கொடுத்தது ஒன்று.

சாவியை எடுத்துக்கொண்டேன்.

*

மடத்துக்குப் போகிற பாதை பாதையே இல்லை. மழை அரித்த கல்லும் ஓடைத் தண்ணீரும்தான். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், காய்ச்சல் வந்த ஆள், சாமி கும்பிட வந்த ஆள், எல்லாம் அந்த ஜீப்பில்தான் ஏறி இறங்க வேண்டும்.

வண்டியை நான் நன்றாக வைத்திருந்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. என் கை பட்ட எந்த நட்டும் ஆடியதில்லை. குழாய் போட்டு நெம்பித்தான் முறுக்குவேன்.

ஆனால் முன் வீல் பேரிங் மட்டும் நிற்கவில்லை.

மூன்று மாதம் ஓடும். பிறகு வண்டி முனக ஆரம்பிக்கும். முதலில் தூரத்தில் யாரோ மாவு மில் ஓட்டுவது மாதிரி கேட்கும். வேகம் கூடக் கூடச் சத்தம் கூடும். கிளட்சை மிதித்தாலும் நிற்காது. அப்போதே இன்ஜின் இல்லை, வீல்தான் என்று தெரிந்துவிடும். சமதரையில் ஸ்டீயரிங்கை வலதுபக்கம் லேசாக வளைப்பேன். வண்டியின் பாரம் இடதுபக்கம் இறங்கும். சத்தம் பெருத்தால் இடது வீல். இடதுபக்கம் வளைத்துப் பெருத்தால் வலது வீல். பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, கையால் சுற்றி, ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹப்பில் ஊன்றிப் பிடியைக் காதில் வைப்பேன். நல்ல பேரிங் என்றால் காற்று மாதிரி இருக்கும். கெட்டுப் போனது என்றால் வாயில் மணலைப் போட்டு மெல்லுகிற மாதிரி இருக்கும்.

பெரும்பாலும் முன் இடதுதான்.

கழற்றினால் கிரீஸ் கறுத்து, எண்ணெயாக ஒழுகும். பேரிங்கின் உருளைகள் நீலம் பாய்ந்திருக்கும்.

போடியில் பேரிங் விற்கிறவன் டூப்ளிகேட்டைக் கொடுக்கிறான் என்று சாமியம்மாவிடம் சொன்னேன். அடுத்த தடவை வேறு கடையில் வாங்கினேன். அதுவும் போனது. கிரீஸ் விற்கிறவன் கலப்படம் செய்கிறான் என்று சொன்னேன். பிறகு ஓடையைச் சொன்னேன். பாதை போட வராத அதிகாரிகளைச் சொன்னேன்.

"எத்தனை பேரு உங்களுக்குக் கெடுதல் பண்றாங்க பாருங்க," என்றார். கேலியா பரிதாபமா, எனக்குப் பிடிபடவில்லை.

ஒருநாள் அவரை அடிவாரத்தில் இருந்து ஏற்றி வந்தேன். மடத்து வாசலில் இறங்கியவர் உள்ளே போகவில்லை. வண்டியைச் சுற்றி நடந்தார். முன் இடது வீலின் நடுவில் உள்ளங்கையை வைத்தார். வெடுக்கென்று எடுத்துக்கொண்டு கையை உதறினார்.

வலது வீலிலும் வைக்கப் போனார். வைக்கவில்லை. ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தார்.

"ஒச்சண்ணே, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"இதை ஓடுறதுக்காக மாட்டுறீங்களா, கழலாம இருக்கிறதுக்காக மாட்டுறீங்களா?"

"ரெண்டுக்கும்தான்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். உள்ளங்கையில் வெண்ணெய் தடவச் சொல்லி அடுப்படியில் கேட்டது என் காதில் விழுந்தது.

கேள்வியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீல் கழன்றது என் வண்டியில். அவர் வண்டியில் இல்லை.

*

மடத்தில் பெரிய சாமியாரின் சமாதி இருக்கிறது. வருசத்துக்கு ஒருமுறை குருபூஜை. அன்றைக்கு ஊரே மேலே வரும். ஸ்டாண்டு ஜீப்கள் எல்லாம் சனத்தை ஏற்றிக்கொண்டு வரும்.

அந்த வருசம் சுருளியாண்டியும் வந்தான்.

பாதியாக இளைத்திருந்தான். சட்டை அவன் சட்டை மாதிரியே இல்லை. நெஞ்சில் அடைப்பு, மறுநாள் காலையில் மதுரை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அறுத்து வைத்தியம், அதற்கு முன்னால் சமாதியில் திருநீறு வாங்கிப் பூசிக்கொள்ள வந்திருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். டாக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லையாம்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் இருக்கிறான். ஸ்டாண்டுக்காரர்கள் மொத்தமும் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன். சொல்ல வேண்டும் என்றால் இன்றைக்குத்தான். நாளைக்குப் போய் அவன் அறுவைக் கட்டிலில் கண்ணை மூடிவிட்டால் அந்த வார்த்தையும் அவனோடு போய்விடும். வீரம்மாள் இடுப்பை ஒடித்தவன் என்ற பேர் என்னோடு தங்கிவிடும்.

பந்தியில் சாம்பார் வாளியை நான் கேட்டு வாங்கினேன்.

ஸ்டாண்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவன். மற்றவர்களுக்கு வேகமாக ஊற்றிக்கொண்டு வந்தேன். அவன் இலைக்கு முன்னால் நின்றேன். கரண்டியைத் தூக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். வரிசையில் பேச்சு அடங்கியது. எல்லோரும் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்கள்.

அவன் நிமிர்ந்தான். வாயைத் திறந்தான்.

"மாப்ளே."

"சொல்லு."

"அடியில இருந்து கலக்கி ஊத்து. மேல வெறும் தண்ணியா நிக்குது."

வரிசை முழுக்கச் சிரித்தது. ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

*

சாப்பாடு முடிந்து ஸ்டாண்டு ஜீப்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு வந்தார் சாமியம்மா. சுருளியாண்டிக்குத் தலை சுற்றியதாம். வேப்பமரத்தடியில் படுத்திருந்தானாம். கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டானாம். ஒச்சு வண்டியில் வந்துகொள்கிறேன் என்றானாம்.

அவனாகச் சொல்லியிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவனை நான் ஏத்த மாட்டேன் தாயி."

"நடந்து போகச் சொல்லட்டுமா?"

நெஞ்சடைப்புக்காரனை அந்தக் கல்லில் நடக்கவிட என்னாலும் முடியாது. ஆனால் வண்டி காலையில் இருந்தே முனகிக்கொண்டிருந்தது. முன் இடது. மேலே ஏறும்போதே சத்தம் உறுமலாக மாறிவிட்டது. அப்படியே பாரம் ஏற்றி இறக்கத்தில் விட்டால் பாதி வழியில் பேரிங் உடைந்து வீல் பிடித்துக்கொள்ளும். இதைச் சொன்னேன்.

"பேரிங் இருக்கா?"

எப்போதும் ஒரு செட்டு வைத்திருப்பேன்.

"அப்ப மாத்துங்க. பொழுது இருக்கு."

பின் வீலுக்குக் கல் அண்டக் கொடுத்து, ஜாக்கி போட்டேன். சுருளியாண்டி எழுந்து வந்து பக்கத்துப் பாறையில் உட்கார்ந்துகொண்டான். நெற்றி முழுக்கத் திருநீறு. போடியில் டீசல் விலை, மருமகனின் குடி, மதுரை ஆஸ்பத்திரியில் குடிதண்ணீருக்கும் காசு என்று பேசிக்கொண்டே இருந்தான். ஓயவில்லை.

வீலைக் கழற்றினேன். வாஷர் காதை நிமிர்த்தி, நட்டை எடுத்து, ஹப்பை இழுத்தேன். கிரீஸ் தார் மாதிரி வடிந்தது. பேரிங்கின் உருளைகள் நீலமாக இருந்தன.

அவன் பேச்சை நிறுத்திவிட்டு அந்த நீலத்தைப் பார்த்தான்.

"கப்பையும் மாத்துறியா?" என்றான்.

பேரிங்கின் உருளைகள் ஓடுகிற வளையத்தை நாங்கள் கப் என்போம். ஹப்புக்குள் அடித்து இறக்கியிருக்கும். எடுப்பது கஷ்டம். சோம்பேறி மெக்கானிக் பழைய கப்பை விட்டுவிட்டு உருளையை மட்டும் மாற்றுவான்.

"நான் எதையும் பாதியில விடுறவன் இல்ல," என்றேன்.

பழைய கப்பைப் பின்பக்கமாகத் தட்டி வெளியே தள்ளினேன். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். டீசலில் ஹப்பைக் கழுவித் துடைத்தேன். புதுக் கப்பை வைத்து, அதன்மேல் பழைய கப்பை வைத்துத் தட்டி இறக்கினேன். அடியில் உட்கார்ந்ததும் சுத்தியலின் சத்தம் மாறும். மாறியது. கிரீஸை உள்ளங்கையில் எடுத்து உருளைகளுக்கு இடையில் பிதுங்கும்வரை திணித்தேன். பேரிங், ஹப், வெளிப்பக்கத்துப் பேரிங், வாஷர், நட்டு.

டிரம்மின் மேல் வீலை மாட்டினேன். ஹப் நட்டில் ஸ்பேனரை மாட்டி, அதில் குழாயைச் செருகினேன். காலை வண்டியில் ஊன்றி முறுக்கினேன்.

"செத்துப்போச்சு," என்றான் அவன்.

"எது?"

"வீலு. சுத்திப் பாரு."

நான் சுற்றிப் பார்க்கவில்லை. இன்னொரு முறுக்கு முறுக்கினேன்.

"மாப்ளே, இத்தனை இறுக்கினா உருளை எங்க உருளும்? வெந்துரும். அந்த நீலம் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்ச?"

"லூசா விட்டா எங்க போகும்னு எனக்குத் தெரியும்," என்றேன். "எனக்கு முன்னாடி போகும்."

அவன் வாயை மூடினான். வேப்பமரத்தில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. அவன் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்பேனரைப் பிடித்தபடி காத்திருந்தேன். இதோ சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

சாமியம்மா வந்தார். கையில் டம்ளர், அவனுக்குச் சுக்குத் தண்ணீர். என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"ஒச்சண்ணே, ஸ்பேனரை அவர்கிட்ட குடுங்க."

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று தெரியவில்லை.

"யாருகிட்ட?"

"அவர்கிட்ட."

"தாயி, இந்தக் கை முறுக்கின நட்டுதான் கழண்டுச்சு. இதே இடது வீலு."

"தெரியும். சொல்லியிருக்கீங்க."

"மறுபடியும் அவன் கையிலயா?"

"நானும் வண்டியில வர்றேன். முன்னால உக்காந்துக்கிறேன். இடதுபக்கம்."

சுக்குத் தண்ணீரைப் பாறையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றார்.

எனக்குக் கை வரவில்லை. இத்தனை வருசம் நான் யாரையும் நம்பாமல் வண்டி ஓட்டியவன். அந்த நேரத்தில் சாவியை அவர் முன்னால் போட்டுவிட்டு நடந்தே இறங்கிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் இறங்கி எங்கே போவது? கீழே என்னைத் தள்ளிவைத்த ஊர். மேலே இவர் ஒருவர்தான் சாவியைக் கொடுத்தவர்.

ஸ்பேனரை நீட்டினேன். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் பாறையைவிட்டு இறங்கி வீலுக்கு முன்னால் குந்தினான். மூச்சு வாங்கியது. நான் முறுக்கியதைக் கழற்ற அவனிடம் வலு இல்லை. குழாயின் நுனியில் நானும் கையை வைக்க வேண்டியிருந்தது. நட்டு கிறீச் என்று விட்டது.

முழுக்க லூசாக்கினான். பிறகு ஒரு கையால் வீலைச் சுற்றிக்கொண்டே மறுகையால் நட்டை மெல்ல முறுக்கினான். சுற்றினான், முறுக்கினான். வீல் கனத்து நின்றது. அங்கிருந்து நட்டைக் கொஞ்சம் பின்னால் விட்டான். ஒரு நெல் அகலம் இருக்கும். வீலின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினான். ஆட்டம் இல்லை. விரலால் தள்ளிவிட்டான்.

சுற்றியது. சத்தம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அவன் சுக்குத் தண்ணீரை எடுத்துக் குடித்தான். அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரியாத வேலை இல்லை அது. எனக்கும் தெரியும்.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். உளியையும் சுத்தியலையும் எடுத்தான். வாஷர் காதின் மேல் உளியை வைத்தான். சுத்தியலை ஓங்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

பிறகு இரண்டையும் என்னிடம் நீட்டினான்.

"காதை நீ மடி."

நான் வாங்கவில்லை.

"ஏன்?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். சாமியம்மாவைப் பார்த்தான்.

"ஏன்னு சொல்லு," என்றேன்.

"கை நடுங்குது மாப்ளே. மாத்திரை அப்படி."

அவன் கை நடுங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கல் மாதிரி நின்றது.

உளியை வாங்கி ஒரே அடியில் மடித்தேன். மறுபடியும் ஒன்று அடித்தேன். தேவையே இல்லை. இருந்தாலும் மூன்றாவதும் அடித்தேன்.

*

இறக்கத்தில் சாமியம்மா சொன்னபடி முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்தார். அவன் பின்னால். மறுபடியும் பேச ஆரம்பித்துவிட்டான். மருமகனிடம் இருந்து தொடங்கி அவன் அப்பன்வரை போனான். நான் ஒரு காதால் வீலைக் கேட்டேன், மறுகாதால் அவனைக் கேட்டேன். வீலில் சத்தமே இல்லை. அவனிடம் நிறையச் சத்தம் இருந்தது. எனக்கு வேண்டியது மட்டும் அதில் இல்லை.

கரடிப்பாறை வளைவு வந்தது. பேச்சு நின்றது.

வண்டியை மெதுவாக்கினேன். பிறகு நேர்ப்பாதை. ஏலக்காய்க்கு இந்த வருசம் விலையே இல்லை என்றான் அவன்.

ஸ்டாண்டில் டிரைவர்கள் எல்லோரும் நின்றிருந்தார்கள். அவனை இறக்கிவிட இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நான் இன்ஜினை அணைத்தேன். அப்போதுதான் அவன் சொல்வது எல்லோருக்கும் கேட்கும்.

இறங்கி நின்று, ஜீப்பின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினான்.

"முன் வீலை நான்தான் செட் பண்ணிக் குடுத்தேன்," என்று ஸ்டாண்டு முழுக்கக் கேட்கச் சொன்னான். "இல்லேன்னா இந்நேரம் பாதி வழியில கருகியிருக்கும்."

டிரைவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டான்.

திரும்பி மேலே ஏறினோம். சாமியம்மா தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண் திறந்துதான் இருந்தது.

"அவன் சொல்லலை தாயி," என்றேன்.

அவர் ஏதாவது சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். மன்னித்துவிடுங்கள் என்பார், மறந்துவிடுங்கள் என்பார், மடத்தில் வேறு என்ன சொல்லப் போகிறார்கள். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன்.

"ஆமாண்ணே," என்றார். "சொல்லலை."

தயாராக வைத்திருந்தது வீணாகிப் போனது. இத்தனை வருசத்தில் இந்த விசயத்தில் என்னிடம் ஆமாம் என்று சொன்ன முதல் ஆள் அவர். ஓடையில் வண்டியை இறக்கி ஏற்றும்வரை எனக்குப் பாதை சரியாகத் தெரியவில்லை.

*

சுருளியாண்டி சாகவில்லை. அறுத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பை விற்றுவிட்டான். நாள் முழுக்க ஸ்டாண்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறான்.

முன் வீல் பேரிங் மாற்றி வெகுநாள் ஆகிறது. போடிக் கடைக்காரன் நல்ல சரக்கு வைக்க ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது.

வாரம் ஒருமுறை அரிசி எடுக்க இறங்குகிறேன். ஸ்டாண்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்த வேண்டிய அவசியம் இல்லை. நிறுத்துகிறேன். இன்ஜினை அணைக்கிறேன்.

அவன் எழுந்து வருகிறான். ஒவ்வொரு வாரமும் வருகிறான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறான். முன் இடது வீலின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறான். வாஷர் காதை விரலால் தடவிப் பார்க்க, ஹப்பை மூடியிருக்கும் தொப்பியைக்கூடக் கழற்றச் சொல்கிறான். கழற்றிக் கொடுக்கிறேன். தடவிப் பார்க்கிறான். டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நல்லா இருக்கு மாப்ளே," என்கிறான். "போயிட்டு வா."

அது அந்த வார்த்தை இல்லை.